மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

பிப்ரவரி 11

அக்கா,

போனில் பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் யாரையும் இடைமறிக்க முடியாது.

நகராட்சி ஆணை இன்று காலை தீயணைப்பு நிலையத்துக்கு வந்தது. மறு உத்தரவு வரும்வரை மேல்நிலைத் தொட்டியில் நீர் தேக்கக் கூடாதாம். கீழே கட்டமைப்புப் பொறியாளர் என்று உன் கையெழுத்து. பள்ளியில் என் மதிப்பெண் அட்டைக்கு அப்பா கையெழுத்தை நீ போட்டுக் கொடுத்தாயே, அதே சாய்வு.

ஊரே நெட்டையம்மா என்று கூப்பிடும் அந்தத் தொட்டியை எனக்குத் தெரியாதா? நூறு வயதை நெருங்கும் கான்கிரீட். எட்டு மெலிந்த கால்கள், மேலே விரிந்த கிண்ணம். வயதானவள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் காலடியில் தீயணைப்பு வண்டிக்கென்றே ஒரு வால்வு இருக்கிறது. மின்சாரம் போனாலும், பம்பு நின்றாலும், தெருக்குழாய் உடைந்தாலும், அந்த வால்வைத் திறந்தால் தண்ணீர் தன் எடையாலேயே இறங்கி வரும். பலகைத் தெரு அங்கிருந்து இரண்டு திருப்பம். அந்தத் தெரு முழுக்க மரப் பட்டறை, வார்னிஷ், பசை, முழங்கால் உயரத்துக்கு மரத்தூள். நிலம் ஆடினால் கட்டடம் விழும் என்று நீ பயப்படுகிறாய். ஆடி முடித்த பிறகு அடுப்பும் ஒயரும் என்ன செய்யும் என்று நான் பயப்படுகிறேன். உன் பயத்துக்கு ஆணை இருக்கிறது. என் பயத்துக்கு இந்தக் கடிதம்தான்.

நீ ஆய்வுக்கு வந்தபோது நடந்த கூட்டத்தில் நான் சொன்னது கொஞ்சம் கூடுதல். "நீங்க சாயங்கால ரயில்ல போயிடுவீங்க, நாங்கதான் இங்க இருக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நீயும் ஊருக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்க வேண்டாம். வீட்டில் இவள் உனக்காக மாடி அறையைத் துடைத்து வைத்துவிட்டு இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வண்டி ஓட்டுநரை உனக்கு நினைவிருக்கும். ஆளில்லாத தெருவிலும் ஹாரன் அடிப்பான் என்பதால் அவன் பெயரே ஹாரன் ஆகிவிட்டது. ஆணையை வாசித்துக் காட்டினேன். "இன்ஜினியரம்மா நம்ம தண்ணியப் புடுங்கிட்டாங்களே சார். இனிமே தீயை ஹாரன் அடிச்சுதான் அணைக்கணும்" என்றான். நிலையமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

லாட்ஜில் தங்கியது வேலையின் முறை. ஆய்வு செய்ய வந்தவள், தண்ணீர் வேண்டுமென்று எதிர்த்து மனு போட்டவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அறிக்கை எழுதினால் அந்த அறிக்கைக்கு என்ன மதிப்பு? உன் மனைவியிடம் இதைச் சொல். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

சாயங்கால ரயில் என்று சொன்னாய். அந்த ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தேன் என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

இனி தொட்டி. ஒரு காலின் கழுத்தில், கிண்ணம் உட்காரும் இடத்தில், பூச்சைக் கொத்திப் பார்த்தோம். கான்கிரீட் நல்ல கான்கிரீட், கட்டியவர்கள் கலவையில் ஏமாற்றவில்லை. கம்பிதான் அந்தக் காலத்துக் கம்பி. வரிப்பள்ளம் இல்லாமல் வழவழவென்று இருக்கிறது, கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளாது. அதைச் சுற்றியிருக்கும் வளையங்கள் முழம் முழமாகத் தள்ளி நிற்கின்றன. தொட்டி நிறைந்தால் உச்சியின் எடை இரண்டு மடங்காகிறது. நிலம் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளும்போது அந்த எடை முழுவதும் கழுத்துக்கு வரும். அவள் விழுந்தால் சந்தைமீது விழுவாள். காலையில் அங்கே எத்தனை பேர் நிற்பார்கள் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

கால்களைச் சுற்றி நார்த் துணியைப் பசையிட்டு இறுக்கிவிட்டால் பாதிக் கவலை தீரும். நான் கேட்டதும் அதைத்தான். பழங்கட்டடக் குழு மறுத்துவிட்டது. கான்கிரீட் ஊற்றியபோது அடைத்த பலகைகளின் அச்சு கால்களில் இன்னும் இருக்கிறது. மர வரி, முடிச்சு, ஓரிடத்தில் ஆணித் தலைகூடத் தெரிகிறது. துணி சுற்றினால் அது மறைந்துவிடும் என்கிறார்கள். அழகுதான். நானும் தடவிப் பார்த்தேன். மாற்று யோசனை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். குழு எப்போதாவதுதான் கூடுகிறது. அதுவரை என் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான்.

உன் நிலையத்தில் தரைத்தொட்டி கட்டித் தரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். நகராட்சியை விடாதே, நச்சரி.

அக்கா


மார்ச் 9

அக்கா,

நச்சரித்தாயிற்று. தரைத்தொட்டிக் கோப்பு "நகர்ந்துகொண்டிருக்கிறது" என்கிறார்கள். அது ஆமை வளர்ப்பவர் மேசையில் இருக்கிறது போலும்.

நெட்டையம்மாவை வடித்துவிட்டார்கள். திறந்துவிட்ட தண்ணீர் சந்தைச் சாக்கடையில் ஒரு பகல் முழுக்க ஓடியது. காய்கறிக்காரர்கள் கடையை மூடாமல் நின்று பார்த்தார்கள். வெளிச்சுவரில் மட்டப்பலகை இருக்கிறதே, அதன் முள் மெல்ல மேலேறிப் போய் உச்சியில் நின்றது. உள்ளே தண்ணீர் இறங்கினால் வெளியே முள் ஏறும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, தொட்டி ததும்புகிறது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

ஹாரனுக்கு அந்த முள்ளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வண்டியைச் சந்தைப் பக்கம் விடாமல் சுற்றி ஓட்டுகிறான். கேட்டால், "காலிக் குடத்தைப் பார்த்துட்டுப் போனா வேலை ஓடாது சார்" என்கிறான்.

கோபமில்லாமல் ஒன்று கேட்கிறேன். உன் அறிக்கையில் ஒரு வரைபடம் இருந்தது. ஒரு கோடு தண்ணீர் மட்டத்தோடு ஏறுகிறது, கால்கள் தாங்கும் எல்லை என்று ஒரு சிவப்புக் கோடு குறுக்கே போகிறது. நான் பொறியாளன் இல்லை, ஆனால் இரண்டு கோடுகளும் சுழியத்தில் வெட்டிக்கொள்ளவில்லை, மேலே எங்கேயோ வெட்டிக்கொள்கின்றன என்று தெரிகிறது. நிறைதொட்டி ஆபத்து, காலித்தொட்டி பத்திரம், சரி. நடுவில் ஒன்றுமே கிடையாதா? உண்மையைச் சொல்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன். இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் நின்றால் கால்கள் தாங்கும்.

பிறகு ஏன் சுழியம் எழுதினாய் என்பாய். உன்னை எனக்குத் தெரியும் என்பதால்.

சின்ன வயதில் பின்கட்டுக் குழாயில் வாளி பிடிக்க அம்மா உன்னை அனுப்புவாள். வாளியின் உள்கோடுவரை போதும் என்று சொல்லித்தான் அனுப்புவாள். நீ ஒருநாளாவது கோட்டில் நிறுத்தினாயா? விளிம்புவரை பிடித்து, குழாயடியிலிருந்து அடுப்பங்கரைவரை சிந்திக்கொண்டே வருவாய். நீ வந்த வழி தரையில் ஈரமாகத் தெரியும். துடைத்தவள் நான். அதில் கெட்ட எண்ணம் இல்லை, பற்றாமல் போய்விடுமோ என்ற பயம். இன்றும் உனக்கு அதே பயம்தான். உன் வேலைக்கு அந்தப் பயம் தேவை என்பதும் தெரியும்.

ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்று நான் எழுதினால், வெயில் காலத்தில் பலகைத் தெருவில் ஒரு பட்டறை புகைந்ததும் நீ பம்ப்காரரிடம் போய் இன்னும் ஒரு முழம் ஏற்றுங்கள் என்பாய். அடுத்த மாதம் பாதி. பிறகு யாரும் கேட்காமலே நிறைந்துவிடும். சுழியத்தை யாரும் கொஞ்சம் கூட்ட முடியாது. முள் உச்சியைவிட்டு இறங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் சுழியம்.

இதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். நீ கேட்டாய்.

அக்கா


ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் சிந்திய வாளித் தண்ணீரின் அடிப்படையில் ஓர் ஊரின் தண்ணீர் மட்டம் முடிவுசெய்யப்பட்டிருப்பதை அறிந்துகொண்டேன். இனி இது குறித்துத் தங்களுக்குத் தொந்தரவு தர மாட்டேன்.

நிலைய அலுவலர்


மே 15

தம்பிக்கு,

உன் "தாங்கள்" என்னை நன்றாகத் தைத்தது. தைப்பதற்குத்தான் எழுதினாய்.

யோசித்துப் பார்த்தேன். நான் எழுதிய காரணம் பொய்யில்லை, ஆனால் அது பொறியாளர் எழுதுகிற காரணமும் இல்லை. நீ வேறு யாரோ ஓர் அலுவலராக இருந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதி, மட்டப்பலகையில் சிவப்புக் குறி போடச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். என் தம்பி என்பதால் சந்தேகப்பட்டேன். அது சரியில்லை.

ஆணையை மாற்றித் தருகிறேன். நகராட்சியிடம் பேசிவிட்டேன். அவர்கள் கேட்பது, மட்டத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான். நீ நிலைய அலுவலர், அந்தத் தண்ணீர் உனக்காகத்தான் நிற்கிறது. அதனால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு: "சிவப்புக் குறிக்குமேல் நீர் ஏற்ற மாட்டேன், ஏற்ற விடவும் மாட்டேன்." கையெழுத்து, தேதி. அது வந்த அன்றே புது ஆணை அனுப்புகிறேன்.

உன்னை நம்பாமல் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அப்படித்தான் எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்தும் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 28

தம்பிக்கு,

பதில் வரவில்லை. உன் மனைவியிடம் போனில் கேட்டேன். கடிதம் உன் மேசை இழுப்பறையில் இருப்பதாகவும், நீ அதை இரண்டொரு முறை எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிட்டதாகவும் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு அண்ணி. நடுவுல நான் தபால் பெட்டியா?" என்று கேட்டாள்.

பழங்கட்டடக் குழு மறுபடியும் தள்ளிப்போட்டுவிட்டது. தரைத்தொட்டிக்கு டெண்டர் விட்டிருப்பதாகக் கேள்வி.

ஒரு வரிதானே, எழுதி அனுப்பேன்.

அக்கா


செப்டம்பர் 19

அக்கா,

நீ போன் செய்தபோதெல்லாம் நான் வீட்டில்தான் இருந்தேன். இவள் ரிசீவரை நீட்டினாள், வாங்க முடியவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது நிலம் ஆடியது. முதலில் சத்தம்தான், பெரிய லாரி சுவரை உரசிக்கொண்டு போவதுபோல. வண்டியை வெளியே எடுத்துவிட்டோம், நிலையக் கட்டடம் விழாமல் நின்றது. சந்தையை நோக்கிப் பார்த்தேன். நெட்டையம்மா தலையை அசைத்துக்கொண்டிருந்தாள். கான்கிரீட் அப்படி அசையும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கால்களின் கழுத்திலிருந்து தூள் பறந்தது. சந்தையில் கூட்டம், ஓட இடமில்லாமல் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் விழவில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். அவள் நின்றாள். அந்தச் சந்தையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது நீ போட்ட சுழியம்.

பிறகு பலகைத் தெருவில் புகை எழுந்தது.

மின்சாரம் இல்லை. தெருக்குழாய் மூன்று இடத்தில் உடைந்து மண்ணுக்குள் ஓடியது. வண்டியில் இருந்த தண்ணீரோடு போனோம். பசைக் கிடங்கு பிடித்திருந்தது, அதற்கு அடுத்த பட்டறையில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் ஓட்டுநர், அவன் உள்ளே போக வேண்டியவன் இல்லை. ஆனால் ஆள் போதவில்லை. குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். நான் அவனுக்குப் பின்னால். நான்கு பேரை வெளியே அனுப்பினோம். உள்ளே இன்னும் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது குழாய் என் கையில் தளர்ந்தது. தண்ணீர் ஓடும்போது அது கட்டைபோல இருக்கும், உனக்குத் தெரியும். அது மெல்ல மெல்லத் துணியானது. நான் கத்தினேன். ஹாரன் திரும்பிப் பார்த்து, "வந்துடறேன் சார், கை எட்டற தூரந்தான்" என்றான். கூரை இறங்கியது.

நெட்டையம்மாவின் வால்வு அங்கிருந்து இரண்டு திருப்பம். அதன் பிறகு தண்ணீர் நிரப்ப வண்டி அவளைத் தாண்டித்தான் ஏரிக்குப் போக முயன்றது. பாதை அடைத்துக்கிடந்தது. முள் உச்சியில் நின்றதைத் திரும்பிவரும்போது பார்த்தேன்.

பலகைத் தெருவில் ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டது.

உன் மே மாதக் கடிதத்தைப் பற்றி ஹாரனுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன், உன்னைத் திட்டுவதற்காக. கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "ஒரு வரிதானே சார், எழுதிப் போட்டுடுங்க. நீங்க போட மாட்டீங்கன்னா நான் கையெழுத்துப் போடறேன்." உன் வேலையைப் பார் என்றேன். எழுத எனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? என் அக்காவிடமே எழுதிக் கொடுத்துத்தான் நம்பிக்கை வாங்கவேண்டுமா என்று இருந்தேன். நீயே வந்து சும்மா தரவேண்டும் என்று காத்திருந்தேன்.

இந்த ஆட்டத்தின் அளவுகள் உன் அலுவலகத்துக்கு வந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரோடு இருந்திருந்தால் அவள் நின்றிருப்பாளா? கணக்குப் போட்டு எழுது. எனக்காக எதையும் குறைத்து எழுதாதே.

தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. நீ கேட்காவிட்டால் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நின்றிருப்பாள். விரிசல் இன்னும் அகலமாக இருந்திருக்கும், இரண்டு கால்களை உடனே முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் நின்றிருப்பாள். நிறைதொட்டி என்றால் நிச்சயமாக விழுந்திருப்பாள்.

மறுபாதிக் கேள்வி என்னிடம் இருக்கிறது. அந்த மூன்றில் ஒரு பங்கு உங்களுக்குப் போதுமாக இருந்திருக்குமா? அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீயாகச் சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

ஹாரனை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். ஆய்வு நாளில் உச்சி ஏணியிலிருந்து இறங்கி, முட்டியெல்லாம் சுண்ணாம்பாக நின்றேன். வண்டியை ஓரங்கட்டி எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தான். "எங்க சார் வெளியதான் முறைப்பாரு. வீட்டுக்கு வாங்கம்மா, மாடி ரூம் ரெடியா இருக்கு" என்றான். முறைகெட்டுப் போகும் என்று சொல்லி ரயிலுக்குப் போனேன். வந்திருந்தால் அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் நான் அந்த இரண்டு கோடுகளை வரைந்திருப்பேன், நடுவில் ஒன்றுமே கிடையாதா என்று நீ கேட்டிருப்பாய். நான் விளக்கியிருப்பேன். இருவரும் கத்தியிருப்போம். காலையில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருப்பேன்.

பழங்கட்டடக் குழு இப்போது உடனே கூடி ஒப்புக்கொண்டது. பலகை அச்சை அச்சுவார்த்து எடுத்துவைத்து, துணி சுற்றிய பிறகு மேற்பூச்சில் அதே வரியைப் பதித்துவிடலாம் என்றேன். தலைவர், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். முன்னாடி எனக்குத் தோன்றவில்லை. அவர்களோடு சண்டை போடுவதில் முனைப்பாக இருந்தேன்.

அக்கா


அக்டோபர் 17

அக்கா,

போதுமாக இருந்திருக்கும். பலகைத் தெருவுக்கு முழுவதும் போதாது. அந்தப் பட்டறைக்குப் போதும்.

உன் பாதியை நீ சொன்னாய், என் பாதியை நான் சொல்லிவிட்டேன். இனி நாம் இருவரும் ஒருவர் மற்றவருடையதையும் சேர்த்துத் தூக்க வேண்டாம். நீ எல்லாம் உன்னால்தான் என்று எழுத ஆரம்பிப்பாய், உன்னைத் தெரியும் எனக்கு. எழுதாதே. என் பங்கை எனக்கு விட்டுவை.

வேலைக்கு வரும்போது வீட்டில் தங்கு.

தம்பி


மார்ச் 3

அக்கா,

நீ ஊருக்குக் கிளம்பிய பிறகு சாரத்தைப் பிரித்தார்கள். மாடி அறையில் உன் கண்ணாடிக் கூடு கிடந்தது, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள் என்று இவள் சொல்கிறாள். அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டாளாம்.

கால்கள் கொஞ்சம் தடித்துவிட்டன. மர வரி அப்படியே இருக்கிறது, ஆணித் தலைகூட. கிட்டப் போய்த் தொட்டால்தான் புதுசு என்று தெரிகிறது. ஹாரனின் மனைவி ஒருநாள் வந்து பார்த்தாள். வால்வு எது என்று மட்டும் கேட்டாள். காட்டினேன்.

இன்னும் மீதமிருக்கும் அடித்தள வேலை முடியும்வரை மூன்றில் ஒரு பங்கு என்று நீ அனுப்பிய ஆணை வந்தது. நேற்று ஏற்றினோம். மட்டப்பலகையில் சிவப்புக் குறியை நானே போட்டேன். முள் உச்சியைவிட்டு இறங்க ஆரம்பித்ததும் சந்தையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். குறிக்கு ஒரு விரல் இருக்கும்போதே நிறுத்தச் சொன்னேன். பம்ப்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்திக்கலாமே சார். கையோட கையா."

"போதும்" என்றேன்.

திரும்பி வரும்போது புது ஓட்டுநர் வண்டியை ஓட்டினான். நல்ல பையன், ஆளில்லாத தெருவில் ஹாரன் அடிப்பதில்லை. நான் ஒருமுறை கையை நீட்டி அடித்தேன்.

நீ மே மாதம் கேட்ட வரி கீழே இருக்கிறது. இப்போது யாரும் இதைக் கேட்கவில்லை என்று தெரியும். இருந்தாலும் கோப்பில் வை.

சிவப்புக் குறிக்குமேல் நீர் ஏற்ற மாட்டேன், ஏற்ற விடவும் மாட்டேன்.

தேதி எழுதும்போது கை மே மாதத்தைத்தான் எழுதப் போனது. இன்றைய தேதியையே போட்டிருக்கிறேன்.

தம்பி